மரப்பசை காய்ச்சிய மாப்பிள்ளை

கோந்து என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளாமல் திரும்பிப் பார்க்கிற ஒரே மனிதர் என் தங்கையின் கணவர்தான். பிளைவுட் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் பசை காய்ச்சியவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, எழுந்தபோது நாற்காலி உறையும் அவர் கால்சட்டையோடு ஒட்டிக்கொண்டு எழுந்தது. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில்தான் என் தங்கை அவரைக் கட்டிக்கொண்டாள் என்று நான் இன்றும் சொல்வேன். அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

நான் அதே தொழிற்சாலையில் ஃபிட்டர். பிரஸ்ஸைக் கழற்றி மாட்டுவது என் பிழைப்பு. இதை நான் சொல்ல வேண்டிய அவசியம் என்ன என்றால், எங்கள் கம்பெனி வழவழப்பான தாளில் ஒரு புத்தகம் போட்டிருக்கிறது. அதில் மாப்பிள்ளை கைநிறையப் பழுப்புப் பொடியை வைத்துக்கொண்டு இளிக்கிற படம். கீழே நாலு பக்கத்துக்கு அவர் வாழ்க்கை. படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. நாலு பக்கமும் உண்மைதான், அதுதான் ஆத்திரம். மிச்சத்தை எழுதவில்லை.

பிளைவுட் என்றால் மரம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மரத்தைக் காகிதம் போலச் சீவி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் பசை தடவி, பிரஸ்ஸில் கொடுத்துச் சூட்டில் நசுக்கினால் பலகை. தாள்கள் மரம், சரி. நடுவில் இருக்கும் பசை கச்சா எண்ணெயின் பேரப்பிள்ளை. பீனாலும் ஃபார்மலினும் சேர்த்துக் காய்ச்சியது. பிரஸ் வாயைத் திறக்கும்போது ஓர் ஆவி வரும் பாருங்கள், கண்ணில் மிளகாய் தேய்த்தது போல இருக்கும். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் அழுதுகொண்டே வேலை செய்வார்கள். அப்புறம் பழகிவிடும். பழகிவிடும் என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம்.

என் தங்கை அந்தப் பிரஸ் முன்னால் பதினோரு வருடம் நின்றாள். பலகையை உள்ளே தள்ளுவது, வெளியே இழுப்பது. ஆறாவது வருடம் இருமல். எட்டாவது வருடம் மாடிப்படியில் பாதியில் உட்கார ஆரம்பித்தாள். பதினோராவது வருடம் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "என்ன வேலைம்மா பாக்குறீங்க?" என்று கேட்டார். அதோடு வேலை போயிற்று, மாடி வீடு போயிற்று. இப்போது தரைத்தளத்தில், தெருப்பக்கம் ஜன்னலுள்ள அறையில் இருக்கிறாள். தலையணைப் பக்கத்தில் இன்ஹேலர். வாய் மட்டும் அப்படியே இருக்கிறது, கடவுள் புண்ணியத்தில்.

அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்த பசையைக் காய்ச்சியது அவள் புருஷன். இதை வெளியே யாரும் சொல்லவில்லை. அவள் ஒரே ஒரு தடவை சொன்னாள், விளையாட்டாக. "என்னங்க, நீங்க காய்ச்சினதத்தான் நான் குடிச்சேன் போல." அவர் சிரிக்கவில்லை. அந்த வார்த்தைதான் அவரைப் பிடித்துக்கொண்டது.

எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் காகித ஆலை. மரத்தை வேகவைத்து நாரை எடுத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் கறுப்புத் தண்ணீரைப் பாய்லரில் போட்டு எரிப்பார்கள். அந்தக் கறுப்புத் தண்ணீரில்தான் மரத்தின் பசையே இருக்கிறது என்று மாப்பிள்ளை எங்கேயோ படித்துவிட்டார். லிக்னின் என்று பெயர். மரத்தில் நாரையும் நாரையும் பிடித்துவைத்திருப்பது அதுதானாம். "மச்சான், மரம் நூறு வருஷம் மழையில நிக்குது, பிரியுதா? அதுக்குள்ளயே பசை இருக்கு. அத எரிச்சுட்டு நாம எண்ணெய் வாங்கித் தடவுறோம். நம்மள விட மடையன் உண்டா?"

"மடையனா இருந்தாலும் மாசச் சம்பளம் வருதே மாப்பிள்ளை," என்றேன். அவர் காதில் விழவில்லை.

கொல்லைப்புறத்தில் தகரக் கொட்டகை போட்டார். ஒரு பீப்பாய் கறுப்புத் தண்ணீர், ஆசிட், பழைய அலுமினியப் பாத்திரம். ஆசிட்டை ஊற்றினால் பழுப்பாகத் திரியும், அதை வடிகட்டிக் காயவைத்தால் காபிப்பொடி மாதிரி லிக்னின். அதைக் காஸ்டிக் சோடாவில் கரைத்து, மரப்பட்டைச் சாறு சேர்த்துக் காய்ச்சுவார். உள்ளங்கை அளவு பலகை ஒட்டுவார். ஒட்டியதை மூன்று நாள் கொதிநீரில் போட்டு, உளியை நுழைத்து நெம்புவார். மரம் பிய்ந்தால் பாஸ். அடுக்கடுக்காகப் பிரிந்தால் ஃபெயில். மூன்று வருடம் எல்லாம் பிரிந்தது. வீடே அழுகிய முட்டை வாசம். என் தங்கை ஜன்னல் வழியாகக் கத்துவாள்: "நான் அந்தப் புகையில தப்பிச்சு இந்தப் புகையில போகணுமா?"

நாலாவது வருடம் பெரிய முதலாளி மனசு இளகினார். ஞாயிற்றுக்கிழமை ஆலை ஓடாது, பசை காய்ச்சுகிற பெரிய கொப்பரையை எடுத்துக்கொள் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். அதே பொடி, அதே பட்டைச் சாறு, அதே அளவு. பலகை ஒட்டினோம். மூன்று நாள் கொதிக்கவைத்து உளியை நுழைத்தார் மாப்பிள்ளை. மரம் பிய்ந்தது. மறுபடி ஒரு துண்டு. மரம் பிய்ந்தது. அவர் உளியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, பிய்ந்த சிராயைக் கையில் வைத்துக்கொண்டு தேம்பினார்.

"சின்னப் பாத்திரத்துல சூடு சரியாப் பரவல மச்சான். அதான் இத்தனை நாளும் பிரிஞ்சிருக்கு. பெரிய கொப்பரைதான் நியாயம் சொல்லிச்சு." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இன்னும் மூன்று வருடம் அதே கொப்பரையில் நூற்றுக்கு மேல் தடவை காய்ச்சினார். ஒரு தடவைகூடப் பிரியவில்லை. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினார். பொடி இவ்வளவு, சாறு இவ்வளவு, சோடா இவ்வளவு, எண்ணெய்ப் பொருள் இல்லை.

பெரிய முதலாளி ஓய்வெடுத்துக்கொண்டு, அவர் மகன் நாற்காலியில் உட்கார்ந்தார். சின்ன முதலாளி என்போம். அவருக்கு இந்த நோட்டைக் கண்டதும் மூக்கில் வியர்த்துவிட்டது. எண்ணெய் கலக்காத பலகைக்கு வெளிநாட்டில் ஆள் காத்திருக்கிறான் என்றார். ஒரே வருடத்தில் பழைய ஆலைக்குப் பக்கத்திலேயே புதுக் கட்டடம், புதுப் பிரஸ், புதுக் கொப்பரை. மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் படம் எடுத்தார்கள். பசை அறைக்கு அவரே பொறுப்பு. ஒவ்வொரு கொப்பரைக்கும் "எண்ணெய்ப் பொருள் இல்லை" என்ற தாளில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்போதுதான் என் மருமகள் வாயைத் திறந்தாள். அவர்களுக்கு ஒரே பெண். டிப்ளமா முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். புதுப் பிரஸ்ஸுக்கு ஆள் எடுக்கிறார்கள், நான் போகிறேன் என்றாள்.

"என் பொணத்தத் தாண்டிப் போ," என்றாள் என் தங்கை.

"அம்மா, அது வேற பசைம்மா. அப்பா பசை."

"பிரஸ்ஸுன்னா பிரஸ்ஸுதான். அண்ணே, நீயாவது சொல்லு."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் போய்த் தங்கையின் கட்டிலில் உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "இங்க பாரு. உன்னப் படுக்கவெச்சது நான் காய்ச்சின பசை. அந்தப் பாவத்தக் கழுவத்தான் ஏழு வருஷம் நாயா அலைஞ்சேன். இதுல எண்ணெய் ஒரு சொட்டு கிடையாது. ஃபார்மலின் ஒரு சொட்டு கிடையாது. அவ மூச்சுக்கு நான் பொறுப்பு. என் வார்த்தைய நம்பு."

என் தங்கை அவரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மகளிடம், "தலைய நல்லா மூடிக்கிட்டுப் போ," என்றாள். அதுதான் சம்மதம். மருமகளோடு அக்கம்பக்கத்துப் பெண்கள் பதினான்கு பேரும் சேர்ந்தார்கள், எல்லாம் கோந்து அண்ணன் வார்த்தையை நம்பித்தான்.

புதுக் கட்டடம் ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. வெள்ளைச் சுவர், பளபளவென்று எவர்சில்வர் கொப்பரை. பழைய ஆலையில் பிரஸ்ஸுக்கு மேலே புகையை இழுக்கப் பெரிய தகரக் கூண்டும் விசிறியும் இருக்கும், பாதி நாள் ஓடாது என்பது வேறு விஷயம். இங்கே அதுவே இல்லை. பசையில் நஞ்சு இல்லை, அப்புறம் எதற்குக் கூண்டு என்று வரைபடத்திலேயே விட்டுவிட்டார்கள். அதையும் புத்தகத்தில் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள்.

முதல் கொப்பரை காய்ச்சினார். பலகை வந்தது. கொதிநீரில் போட்டார்கள். மூன்றாம் நாள் உளியே தேவைப்படவில்லை, வாழைமட்டை போலத் தானாகப் பிரிந்து தண்ணீரில் மிதந்தது.

இரண்டாவது கொப்பரையும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. மாப்பிள்ளைக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பொடியை மாற்றினார், சூட்டை ஏற்றினார், இறக்கினார். தாடி வளர்ந்தது. வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். பிரஸ்ஸில்தான் கோளாறு என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஒரு நாள் முழுக்க உருட்டிப் பார்த்தேன். பிரஸ் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு பசை அறைக்குப் போனேன். கொப்பரையைச் சும்மா எட்டிப் பார்த்தேன். அடிவரைக்கும் பளபளப்பு. வடிகுழாய் நட்டநடு அடியில் இருந்தது. ஒரு சொட்டு தங்காது.

"என்ன மாப்பிள்ளை, இதுல உறை எங்க விடுவீங்க?"

சும்மாதான் கேட்டேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

உறை என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். பழைய கொப்பரையின் குழாய் பக்கவாட்டில், அடியிலிருந்து ஒன்றரைச் சாண் உயரத்தில் இருக்கும். பம்பு காற்றை இழுக்க ஆரம்பித்தால் கொப்பரை காலி என்று நோட்டில் எழுதுவோம். ஆனால் அடியில் பசை நிற்கும். அதை யாரும் எடுக்க மாட்டோம். அது இருந்தால்தான் அடுத்த தடவை காய்ச்சும் ஈடு அடிப்பிடிக்காது. தயிருக்கு உறை விடுவது மாதிரி என்று எங்களுக்கு முந்தியவர்கள் வைத்த பெயர். எங்கள் கணக்கில் அது பசையே இல்லை, கொப்பரையின் ஒரு பாகம். சனிக்கிழமை வரைக்கும் எண்ணெய்ப் பசை ஓடும். ஞாயிற்றுக்கிழமை அதன் உறையின்மேல்தான் மாப்பிள்ளை மரப்பசை காய்ச்சினார். நூற்றுக்கு மேல் தடவை. பக்கத்தில் நானும் நின்றேன். இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. வாசம்கூட வந்திருக்கும்தான். அந்தக் கட்டடத்தின் சுவரே அந்த வாசம் அடிக்கும், யாருக்குத் தனியாகத் தெரியும்?

மாப்பிள்ளை பழைய ஆலைக்கு நடந்தார். பம்பு காற்றை இழுக்கும் வரை நின்று, பிறகு அடியில் இருந்ததை வாளி வாளியாக மொண்டு எண்ணினார். ஒன்பது வாளி. கொப்பரை நிறைய நாற்பத்தைந்து. ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய்ப் பசை.

"ஏழு வருஷம் மச்சான்," என்றார். "மூணு வருஷம் அந்த அலுமினியப் பாத்திரம் உண்மையச் சொல்லிச்சு. நான்தான் அது பொய்னு சொன்னேன்."

அவர் மறைத்திருக்கலாம். எனக்கு அதுதான் ஆறவில்லை. நேராகச் சின்ன முதலாளி அறைக்குப் போனார், என்னையும் இழுத்துக்கொண்டு. ஒன்றையும் விடாமல் சொன்னார். இன்னும் இரண்டு வருடம் கொடுங்கள் சார், எண்ணெய் இல்லாமலே பிடிக்கவைக்கிறேன், வழி இருக்கிறது என்றார்.

சின்ன முதலாளி முகத்தில் நிம்மதி வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். "அவ்வளவுதானா? நான் பொடியிலதான் கோளாறுன்னு பயந்துட்டேன். பழைய கொப்பரைலேருந்து ஒன்பது வாளி எடுத்து ஊத்துங்க. சரக்கு இந்த மாசம் கப்பல் ஏறணும்."

"சார், தாள்ல எண்ணெய் இல்லன்னு போடுறோமே."

"உங்க நோட்டுல நூறு தடவை எழுதியிருக்கீங்களே, எண்ணெய்ப் பொருள் இல்லன்னு. அப்ப இந்த உறை எங்க போச்சு? அப்ப கணக்குல வராதது இப்ப மட்டும் எப்படி வரும்?"

அப்படியானால் பிரஸ்ஸுக்கு மேலே கூண்டாவது போடுங்கள், பிள்ளைகள் நிற்கிறார்கள் என்றார் மாப்பிள்ளை. "கூண்டு போட்டா, எதுக்குப் போட்டீங்கன்னு வாங்குறவன் கேப்பான்," என்றார் சின்ன முதலாளி. எவ்வளவு பதவிசாகச் சொன்னார் தெரியுமா, டீ சாப்பிட்டுப் போங்கள் என்பது போல.

"என் கையால ஊத்த மாட்டேன் சார். கையெழுத்தும் போட மாட்டேன்." என் மாப்பிள்ளை வாழ்க்கையில் முதலாளிக்கு எதிராகச் சொன்ன ஒரே வாக்கியம் அது. சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார். என் தங்கை கேட்டதற்கு ஜுரம் என்றார். மகளிடமும் பொடி சரியில்லை என்று மட்டும்தான் சொன்னார். மானக்கேடு. தன் வார்த்தை பொய்யாகிப் போனதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எப்படிச் சொல்வது? அளவும் பதமும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் போகாவிட்டால் பசை இல்லை, பசை இல்லாவிட்டால் புதுப் பிரஸ் ஓடாது, ஓடாவிட்டால் மகள் மூச்சுக்கு ஆபத்து இல்லை. இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஆனால் மகள் தினமும் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்துதான் வந்தாள். மெஷின் துடைக்கிற வேலை என்றாள். நானும் பழைய ஆலையிலேயே கிடந்ததால் கவனிக்கவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் நான் அவரைப் பார்க்கப் போனேன். எனக்கு ஒரு சேதி காதில் விழுந்திருந்தது. புதுப் பலகை கொதிநீரில் பாஸாகிவிட்டதாம். அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது மருமகள் வேலை முடிந்து உள்ளே வந்து, அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து, தலைத்துணியை அவிழ்த்தாள்.

என் தங்கைக்கு நுரையீரல்தான் போயிற்று, மூக்கு போகவில்லை. மகளின் தலைமுடியைக் கையில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். முடியை விடாமல் கணவரைப் பார்த்தாள். "என்னங்க இது?"

சுவரோரம் படுத்திருந்த மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்தார். "யாரு ஊத்துறா?" என்று மகளைக் கேட்டார்.

"நான்தான்ப்பா."

அவளே சொன்னாள். "சின்ன முதலாளி கூப்பிட்டு எல்லாம் சொன்னாரு. இந்தச் சரக்கு போகலன்னா உங்கப்பா ஏழு வருஷமா ஏமாத்திட்டாருன்னு எழுத வேண்டியிருக்கும்னாரு. ஊர் பூரா கோந்து ஒரு மோசடின்னு சொல்லுமாம். வெளியாளுக்குத் தெரிய வேணாம், வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்னு என்னைய ஊத்தச் சொன்னாரு. உங்க நோட்டப் பாத்துத்தான் காய்ச்சுறேன். கையெழுத்தும் நானே போட்டுட்டேன்ப்பா. உங்களுக்காக, மகள்னு எழுதி."

"நாளைக்கு நீ போகக் கூடாது," என்றாள் என் தங்கை. அதைச் சொல்லவே அவளுக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

"நான் போகலன்னா நாளைக்கே அப்பா பேரு பேப்பர்ல வரும்மா. அப்புறம் அவர் வெளியில தலைகாட்ட முடியுமா?" பிறகு அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். இருபத்திரண்டு வயதுப் பெண், கண் இரண்டும் சிவந்து போய், பரீட்சைத் தாளைத் திருத்தக் கொடுப்பது போல உட்கார்ந்திருந்தாள். "ஈடு கொதிக்கும்போது எட்டு வாளி ஊத்துறேன்ப்பா. அளவு சரிதானே?"

அவர் எழுந்து அவளை அறைவார், அல்லது நேராகப் போய்ச் சின்ன முதலாளியின் சட்டையைப் பிடிப்பார் என்று நான் நினைத்தேன். ஏதாவது செய்யுங்கள் மாப்பிள்ளை என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். நானும் நாற்காலியை விட்டு எழவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் மனைவியைப் பார்க்கவே இல்லை. மகளின் கையைப் பிடித்துப் புறங்கையில் இருந்த கொப்புளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொதிக்கும்போது ஊத்தாத, தெறிக்கும். அரைமணி ஆறவிட்டு ஊத்து," என்றார். "எட்டு பத்தாது, ஒன்பது ஊத்து. ஊத்தும்போது மூச்ச அடக்கி, முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்க."

அவள் சரிப்பா என்றாள்.